ஆறாவது பத்திக்கு நான் எழுதிய பதில்

நம் துறை அலுவலர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று கேட்டிருந்தீர்கள். "நல்ல அனுபவமாப் பாத்து எழுதுங்க மேடம்" என்று உங்கள் செயலாளர் போனில் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். நல்ல அனுபவங்களை எழுத நம் துறையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பிரிவுபசார விழாக்களில் அவற்றைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. நான் எழுதப்போவது அந்த ரகமில்லை. பிடிக்காவிட்டால் மலரில் போட வேண்டாம். ஆனால் கிழிப்பதற்கு முன்னால் ஒருமுறை படித்துவிடுங்கள்.

திண்டுக்கல்லில் நீங்கள் இப்போது இருக்கும் அதே நகரமைப்புத் திட்ட அலுவலகத்தில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு வரும் நிலத்தைப் போய்ப் பார்ப்பது, பதிவேடுகளோடு ஒப்பிடுவது, குறிப்பு எழுதி மேலே அனுப்புவது என் வேலை. அதை நான் சுமாராகத்தான் செய்தேன். எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறொன்று. நம் அலுவலகத்தின் மீது வரும் புகார்களுக்குப் பதில் எழுதுவதில் என்னை மிஞ்ச மாவட்டத்தில் ஆள் இல்லை என்று சொல்வார்கள். "அந்தம்மா எழுதுனா அதோட ஃபைல் மூடிரும்" என்று பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் வரைக்கும் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

ஒரு புகார் எப்படிப் பயணம் போகிறது என்று புதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நம் அனுமதியால் பாதிக்கப்பட்ட ஒருவர், நம்மைக் கண்காணிக்க அமைக்கப்பட்டிருக்கும் ஆணையத்துக்குச் சென்னைக்கு எழுதுகிறார். ஆணையம் அறிக்கை கேட்டு நம் தலைமைக்கு அனுப்பும். தலைமை நம் மாவட்டத்துக்கு அனுப்பும். நம் அதிகாரி 'பத்திவாரியாகப் பதில் தயாரிக்கவும்' என்று பச்சை மையில் எழுதி, யார் செய்த வேலையைப் பற்றிப் புகாரோ அவர் மேசையிலேயே கொண்டுவந்து வைப்பார். எழுதியவருக்கு இது தெரியாது. தன் கடிதத்தைப் பெரிய இடத்தில் யாரோ உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருப்பார். அது நம் இழுப்பறையில் கிடக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இந்த வித்தை தெரியாது. ஒரு வீட்டு வரைபடம் எங்களிடம் காரணமில்லாமல் பல மாதம் தூங்கியதாகப் புகார் வந்தபோது, 'ஆம், தாமதம் எங்களால் ஏற்பட்டது' என்று வெள்ளந்தியாக எழுதி வைத்தேன். அப்போதைய அதிகாரி என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. அந்த வரியை ஸ்கேல் வைத்து நேராக அடித்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதும்மா. கேட்டதுலயும் ரெக்கார்டுல இருக்கிறதுக்கு மட்டும் எழுது. மிச்சத்துக்கு 'கருத்து ஏதுமில்லை'ன்னு போடு, அதுக்குத்தான் அந்த வார்த்தையே இருக்கு" என்றார். அன்றைக்குக் கற்றுக்கொண்டதை நான் அவரைவிடப் பல மடங்கு நன்றாகச் செய்தேன். ஆகவே அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சின்னாளபட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் மனைப்பிரிவுக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. கேட்டவர் ஊரறிந்த மனை வியாபாரி. காகிதங்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. நிலத்தைப் பார்க்கப் போனேன். ஜீப் தார் ரோட்டிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து ஒரு மண்பாதை, ஒரு வண்டி தாராளமாகப் போகும் அகலம், இரண்டு பக்கமும் கிளுவை வேலி. நடுவில் டிராக்டர் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. அந்தப் பாதை மனைப்பிரிவு கேட்ட நிலத்தின் குறுக்கே போய் அதற்குப் பின்னால் இருந்த மல்லிகைத் தோட்டத்தில் முடிந்தது. பின்எல்லைக் கல்லைப் பார்க்க நானும் அதில்தான் நடந்தேன்.

கல்லுக்குப் பக்கத்தில் போகும்போது என் செருப்பின் வார் அறுந்துபோனது. வெயில் ஏறியிருந்தது, வழியெல்லாம் கிளுவை முள். நான் ஒற்றைக்காலில் தடுமாறுவதைப் பார்த்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தார். பெயர் பஞ்சவர்ணம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தன் காலில் கிடந்த நீல ரப்பர் செருப்பைக் கழற்றி என் முன்னால் போட்டார்.

"போட்டுக்கிட்டுப் போங்கம்மா, முள்ளு கெடக்கு."

"உங்களுக்கு?"

"நான் வெறுங்காலோட கெடந்து பழகுனவ. வேலையப் பாத்துட்டு, அடுத்து வர்றப்பக் குடுங்க, போதும்."

அவர் கணவர் வெள்ளைச்சாமி கிணற்று மேட்டிலிருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அந்தச் செருப்போடு அதே பாதையில் திரும்பி நடந்து ஜீப்பில் ஏறினேன். அடுத்த முறை வரவேயில்லை. செருப்பு என் வீட்டு ஷூ ஸ்டாண்டின் அடித்தட்டில் இருந்தது.

அன்றைய என் குறிப்பேட்டில் 'மண்பாதை, பயன்பாட்டில் உள்ளது' என்று மூன்றே வார்த்தை எழுதியிருந்தேன். அலுவலகத்துக்கு வந்து வரைபடத்தை விரித்தால், பாதை இருக்கும் இடத்தில் மனைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வியாபாரியின் பொறியாளரைக் கேட்டேன். "அது நம்ம பட்டாவுக்குள்ள ஓடுறது மேடம். சர்வே புலப்படத்துல இருக்கான்னு பாருங்க" என்றார். பார்த்தேன். இல்லை. கிராம நிர்வாகச் சான்றிலும் இல்லை. நம் பக்கத்து ஊர்களில் அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் பத்திரத்தில் 'வண்டி வாகனம் போக வர மாமூல் தடபாத்தியம் உண்டு' என்று வழியுரிமைக்கு ஒரு வரி சேர்த்துவிட்டு, தடத்தை மண்ணில் விட்டுவிடுவார்கள். அளந்து யாரும் சர்க்கார் புத்தகத்தில் ஏற்றுவதில்லை. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பின்னால் தோட்டம் வைத்திருப்பவர்கள் எப்படிப் போவார்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தக் கோப்பு ஒரு மாதம் தள்ளிப் போயிருக்கும். கேட்கவில்லை. குறிப்பேட்டு வரியைக் கோப்பில் ஏற்றவும் இல்லை.

அனுமதி கிடைத்த சூட்டோடு சுற்றுச்சுவர் எழும்பியது.

வெள்ளைச்சாமி அலுவலகத்துக்கு வந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது, தெரிந்தவர் ஒருவர் இருக்கிறாரே என்று.

"அம்மா, பாதையில செவரு கட்டிட்டாகம்மா. பூவெடுத்து விடியமுன்ன தார் ரோட்டுக்கு வந்தாத்தான் மார்க்கெட்டுக்குச் சேரும். இப்ப ஓடைக்குள்ள எறங்கிச் சுத்தி வாரோம். வந்து சேர்றதுக்குள்ள மொட்டு விரிஞ்சு போகுது. விரிஞ்ச பூவ எவன் வாங்குவான்?"

"ரெக்கார்டுல அங்க பாதையே இல்லையேங்க."

"ரெக்கார்டுல இல்லாட்டி என்னம்மா, நீங்க நடந்து வந்தீகள்ல?"

மேசைமேல் இருந்த கோப்பை இழுத்துத் திறந்துகொண்டு, "எழுதிக் குடுங்க, பாப்போம்" என்றேன். இந்த மந்திரத்தை நாம் எல்லோரும் சொல்லியிருக்கிறோம். அவர் நம்பிக்கையோடு எழுந்து போனார்.

எழுதித்தான் கொடுத்தார். எங்களுக்கு எழுதினார், மனுநீதி நாளில் கொடுத்தார், ஊராட்சிக்கு எழுதினார். ஒன்றும் நடக்காமல் கடைசியில் ஆணையத்துக்கு எழுதினார். அவர் தோட்டத்துக்குப் பின்னால் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் பூ போட்டிருந்தார்கள். அவர்களும் ஓடைக்குள் இறங்கித்தான் சுற்றினார்கள். ஆனால் வம்புக்குப் பயந்து கையெழுத்துப் போடவில்லை. மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் வந்தால் மூன்று பேருக்கும் பூ செடியிலேயே கிடக்கும்.

அந்தப் புகார் வழக்கம்போல ஊரைச் சுற்றிவிட்டு என் மேசைக்கு வந்தது. ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார். பத்திக்குப் பத்தி எண் போட்டு, அழகான கையெழுத்து. முதல் ஐந்து பத்திகளை வாசிக்கும்போதே பதில் எனக்குள் தானாக ஓடியது. தாத்தா காலத்துப் பாகப்பத்திரத்தின் நகலை வெள்ளைச்சாமி இணைத்திருந்தார். 'தடத்தின் நீள அகலம் குறிப்பிடப்படவில்லை.' பாதை நெடுநாள் பயன்பாட்டில் உள்ளது என்றிருந்தார். 'வருவாய்ப் பதிவேடுகளில் பாதை ஏதும் இல்லை.' உரிமை கேட்டிருந்தார். 'உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம்.' அதற்கப்புறம் ஆறாவது பத்தி வந்தது. அதை எனக்கு இன்றைக்கும் பார்க்காமல் சொல்ல முடியும்.

'நிலத்தை ஆய்வு செய்ய வந்த அதிகாரி அம்மா இந்தப் பாதையில்தான் நடந்து வந்தார்கள். வந்த இடத்தில் அவர்கள் செருப்பு அறுந்துவிட்டது. என் மனைவி தன் செருப்பைக் கொடுத்தனுப்பினார். எனவே பாதை உண்டா இல்லையா என்பதை அந்த அம்மாவிடமே கேட்டு அறிந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

அந்த மனிதர் என்மேல் புகார் எழுதவில்லை. என்னைச் சாட்சியாகப் போட்டிருந்தார்.

அன்று முழுவதும் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன். பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. பாதை உண்டு என்று நான் எழுதினால், தெரிந்தே அனுமதிக்குப் பரிந்துரைத்தாயா என்று அடுத்த கேள்வி வரும். குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால் பட்டியலிலிருந்து என் பெயர் போகும். மகள் கல்லூரியில் இருந்தாள், அது இது என்று எனக்கு நானே ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டேன். அதிகாரி என் மேசைப் பக்கம் வந்து, "என்னம்மா, நீங்க இவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டதே இல்லையே" என்றார்.

"ஆறாவது பத்தி சார்."

வாங்கிப் படித்தார். "இது செருப்புக் கதைம்மா. இதுக்கு என்ன பதில் எழுத முடியும்?" என்று சிரித்தபடி கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இப்படி எழுது என்று அவர் சொல்லவில்லை. எழுதியது நான்தான்.

'பத்தி 6: புகார்ப் பொருளுக்குத் தொடர்பற்றது. கருத்து ஏதுமில்லை.'

விசாரணை காணொளி மூலம் நடந்தது. ஆணையம் சென்னையில் இருக்க, நாங்கள் கலெக்டர் அலுவலகத்தில் ஒரு சின்ன அறையில் திரைக்கு முன்னால் உட்கார வேண்டும். இருந்தது ஒரே கேமரா. அதனால் புகார் கொடுத்தவரையும் புகாருக்குப் பதில் சொல்பவரையும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். வெள்ளைச்சாமி சலவைச் சட்டை போட்டு, பத்திரத்தைப் பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

"நல்லவேளை நீங்களே வந்தீக. வேற யாரயும் அனுப்பிருவாகளோன்னு நெனச்சேன்" என்றார். என் பதிலின் நகல் அவருக்கு அனுப்பப்பட்டிருந்தது. அலுவலகத் தமிழ் அவருக்குப் புரிந்திருக்காது, அல்லது புரிந்தும் அது நான் எழுதியது என்று தோன்றியிருக்காது.

அவர் முறை வந்தபோது பத்திரத்தைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். திரையில் இருந்தவர், "பதிவேட்டுல இல்லைன்னு அறிக்கை வந்திருக்கே பெரியவரே, நீங்க என்ன ஆதாரம் காட்டுறீங்க?" என்று பொறுமையாகவே கேட்டார்.

"அம்மா இந்தா பக்கத்துலதான் உக்காந்திருக்காகய்யா. அவுகளயே கேளுங்க. அவுக சொல்றதுக்கு நான் கட்டுப்படுறேன்."

திரையில் இருந்தவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க ஆய்வு செஞ்சப்ப அங்க பாதை இருந்துச்சா?"

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். இப்படிப்பட்ட நேரத்தில் யோசிக்க அவகாசம் கிடைக்கும், பயிற்சியில் சொன்னது ஞாபகம் வரும் என்றெல்லாம் நினைக்காதீர்கள். எத்தனை வருடமாக வாய்க்குப் பழக்கிவைத்திருக்கிறோமோ அதுதான் வாயில் வரும். என் வாயில் வந்தது இது: "மனுதாரர் குறிப்பிடும் நிலத்தை நேரில் பார்வையிட்டேன் ஐயா. வருவாய்ப் பதிவேடுகளின்படி அங்கே பாதை எதுவும் இல்லை."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. எழுதிக்கொண்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச்சாமி மட்டும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் முடிக்கவில்லை, மிச்சத்தையும் சொல்வேன் என்று காத்திருந்தார் போல. உதவியாளர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தார்.

வெளியே வராந்தாவில் என் பின்னாலேயே வந்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"செருப்பு அந்துச்சேம்மா" என்றார் மெதுவாக, மறந்துபோனவருக்கு எடுத்துக் கொடுப்பதுபோல. "எஞ் சம்சாரம் குடுத்துச்சே. நீலச் செருப்பு. ஞாபகம் இல்லையா?"

"எனக்கு ஞாபகம் இல்லைங்க" என்றேன்.

அறிக்கையிலும் விசாரணையிலும் நான் சொல்லாத பொய்யை, யாரும் பதிவு செய்யாத அந்த வராந்தாவில் சொன்னேன். அவர் ஒருமுறை தலையை ஆட்டினார். "எத்தன எடத்தப் பாப்பீக, எம்புட்டத்தான் ஞாபகம் வைப்பீக" என்று எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நீதிமன்றத்தை அணுகலாம் என்று ஒரு வரி எழுதி ஆணையம் புகாரை முடித்தது. எனக்குப் பதவி உயர்வு வந்தது, பாராட்டும் வந்தது. என் பதிலை ஒரு மாதிரியாக வைத்துக்கொள்ளலாம் என்று அலுவலகக் கணினியில் சேமித்தார்கள். அதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்று கேட்பீர்கள். பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன், வாரத்தில் ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் புறப்படும்போது ஷூ ஸ்டாண்டின் அடித்தட்டில் அந்த நீலச் செருப்பு கண்ணில் படும். பாவசங்கீர்த்தனத்தில் மூன்று தடவை இதைச் சொல்லியிருக்கிறேன். சாமியார் சொன்ன ஜெபத்தையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். சுவர் சுவராகத்தான் நின்றது.

ஓய்வு பெறச் சில மாதங்கள் இருந்தபோது அதே வியாபாரியின் இரண்டாவது விண்ணப்பம் வந்தது. முதல் மனைப்பிரிவுக்குப் பின்னால் இருந்த நிலத்தை வாங்கி அதையும் மனையாக்கக் கேட்டிருந்தார். விற்றவர் பெயர் வெள்ளைச்சாமி. பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தைப் பார்த்தேன். பாதையில்லாத தோட்டத்தை வேறு யார் வாங்குவார்கள்?

அது மட்டும் என்றால், விதி என்று ஒரு பெருமூச்சு விட்டிருப்பேன். முதல் மனைப்பிரிவில் விற்காமல் வைத்திருந்த இரண்டு மனைகளைச் சாலையாக மாற்ற வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள், இரண்டு பிரிவுகளையும் இணைப்பதற்காக. அதற்குக் காரணம் எழுதியிருந்தார்கள். 'மேற்படி இடத்தில் மாமூல் வண்டித்தடம் காலங்காலமாகப் பயன்பாட்டில் இருந்து வந்துள்ளதாலும்.' ஆதாரமாக வைத்திருந்தது, நிலத்தோடு கைமாறிய வெள்ளைச்சாமியின் தாத்தா காலத்துப் பாகப்பத்திரம். நான் நீள அகலம் இல்லை என்று தள்ளிவைத்த அதே பத்திரம், அதே மடிப்புகளோடு.

அந்தக் கோப்பில் நான் ஒரு குறிப்பு எழுதியிருக்கலாம். பின்னால் இன்னும் இரண்டு தோட்டங்கள் இருக்கின்றன, அவர்கள் சுற்றிப் போகும் ஓடைக்கரையும் இப்போது வேலிக்குள் போகிறது, தடத்தை அவர்களுக்கும் பொதுவழியாகக் காட்டிய பிறகே அனுமதி தரலாம் என்று எழுத ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. எழுதினால் முதல் கோப்பைக் கிளறுவார்கள். ஓய்வு நாளன்று சஸ்பெண்ட் ஆனவர்களின் கதைகள் நமக்கெல்லாம் அத்துபடி. பேனாவை எடுத்து, சரிபார்க்கப்பட்டது என்று கையெழுத்துப் போட்டேன். முதல் தடவை செய்ததைக்கூடப் பதற்றத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியும். இரண்டாவது தடவைக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் செருப்பைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். வெள்ளைச்சாமி இப்போது திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் எடை போடுகிறார். பஞ்சவர்ணம் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் பூவெடுக்கிறார். இருவரும் வீட்டில் இருந்தார்கள். பையிலிருந்து செருப்பை எடுத்ததும் பஞ்சவர்ணம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஆத்தி! இத இம்புட்டு நாளு வச்சிருந்தீகளா?"

வெள்ளைச்சாமி சிரிக்கவில்லை. செருப்பைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"அப்ப அன்னைக்கு ஞாபகம் இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு."

பஞ்சவர்ணத்தின் சிரிப்பும் நின்றுவிட்டது. வெள்ளைச்சாமிதான் சொன்னார்: "ஊருக்குள்ள எல்லாரும் உங்கள வஞ்சாக. காசு வாங்கிருப்பாகன்னாக. நாந்தேன் சண்டைக்குப் போனேன். அந்தம்மா அப்பிடிப்பட்டவுக இல்ல, மறந்துட்டாகன்னு சொன்னேன்."

அழுதுவிட்டேன். அறுபது வயதில் அடுத்தவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து அப்படி அழுதது வெட்கமாக இருந்தது. பஞ்சவர்ணம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். என்னைத் தேற்றவில்லை. தேற்றாதது நியாயம்.

அவருக்குத் தோட்டத்தைத் திருப்பித் தர என்னால் ஆகாது. பின்னால் இருக்கும் இருவரின் தோட்டம் இன்னும் இருக்கிறது. வேலி முழுதாக அடைபட்டால் அவர்களும் விற்கத்தான் வேண்டும். அதனால் ஆணையத்துக்கு நானே ஒரு புகார் எழுதினேன். அந்தத் தடத்தை இரண்டாவது மனைப்பிரிவில் பொதுவழியாகச் சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை. எத்தனையோ புகார்களை மூடியவளுக்கு ஒரு புகார் எழுத ஒரு வாரம் பிடித்தது. ஆறாவது பத்தியாக இதை வைத்தேன்: 'முதல் ஆய்வின்போது அந்தப் பாதையில் நடந்தது நான்தான். செருப்பு அறுந்தது உண்மை. பாதை இருந்தது. தெரிந்தே மறைத்தேன்.'

என் கடிதம் ஆணையத்துக்குப் போய், தலைமைக்குப் போய், அங்கிருந்து உங்கள் அலுவலகத்துக்கு வந்து, உங்களில் ஒருவர் மேசைக்கு வந்திருக்கிறது. போன மாதம் அதற்கான பதிலின் நகல் எனக்குக் கிடைத்தது. மனுதாரர் ஓய்வு பெற்றவர், நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் அல்லர் என்று ஆரம்பித்து, ஒழுங்காக, பிசிறில்லாமல் எழுதியிருந்தீர்கள். ஆறாவது பத்திக்கு வந்தேன்.

'புகார்ப் பொருளுக்குத் தொடர்பற்றது. கருத்து ஏதுமில்லை.'

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கணினியில் இருக்கும் மாதிரியைத் திறந்து பெயரையும் எண்ணையும் மாற்றியிருப்பீர்கள். அந்த மாதிரியை எழுதியவள் நான். நகலை எடுத்துக்கொண்டு பூ மார்க்கெட்டுக்குப் போய் வெள்ளைச்சாமியிடம் காட்டினேன். தராசை நிறுத்திவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"எனக்கும் இதேதாம்மா வந்துச்சு" என்றார்.

அடுத்த மாதம் காணொளி விசாரணை. அதே அறை, அதே பெஞ்சாகத்தான் இருக்கும். ஒரு ஓரத்தில் நான் உட்கார்ந்திருப்பேன், பக்கத்தில் உங்களில் ஒருவர். என்ன ஆதாரம் என்று என்னைக் கேட்டால், பக்கத்தில் இருப்பவரையே கேளுங்கள், அவர் சொல்வதற்கு நான் கட்டுப்படுகிறேன் என்று சொல்லப்போகிறேன். ஆகவே அதற்குள் ஒருநாள் அந்த இடத்துக்குப் போய்விட்டு வாருங்கள். தார் ரோட்டிலேயே ஜீப்பை நிறுத்திவிடுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கிளுவை வேலி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதை ஒட்டியே நடந்தால் அந்த இருவரின் பூந்தோட்டம் வரும். முள் கிடக்கும், நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு போங்கள்.